விளையாட்டோடு நிறுத்திக்கொள்

2019 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை இரவு. வாஷிங்டன் நேஷனல்ஸ் பார்க் மைதானத்தில் பேஸ்பால் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்து, ராணுவத்தினரைக் கௌரவிக்கும் வழக்கமான இடைவேளை. சீருடை அணிந்தவர்களைப் பெரிய திரையில் காட்டிக்கொண்டு வந்த கேமரா, மாடத்தில் இருந்த அதிபர் டொனால்ட் டிரம்பின் பக்கம் திரும்பியது. அதுவரை கைதட்டிக்கொண்டிருந்த அரங்கம் ஊளையிடத் தொடங்கியது. ஒரு பகுதிக் கூட்டம் "அவரைச் சிறையில் தள்ளு" என்று கோஷம் போட்டது. 2016 தேர்தலில் ஹிலாரி கிளிண்டனைக் குறிவைத்து டிரம்பின் கூட்டங்களில் எழுந்த கோஷத்தைத்தான் இப்போது ஒரு சொல் மாற்றி அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

இது விளையாட்டுச் செய்தியா, அரசியல் செய்தியா? மைதானத்துக்குள் நடந்தது, ஆகவே விளையாட்டுப் பக்கம் என்பார் ஒருவர். பந்துக்கும் மட்டைக்கும் இதில் என்ன வேலை என்பார் இன்னொருவர். மறுநாள் திங்கட்கிழமை, டெட்ஸ்பின் என்ற அமெரிக்க விளையாட்டு இணைய இதழின் ஊழியர்களுக்கு நிர்வாகத்திடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி விளையாட்டைப் பற்றியும், ஏதாவது ஒரு வகையில் விளையாட்டோடு தொடர்புள்ளதைப் பற்றியும் மட்டுமே எழுத வேண்டும் என்றது அது. செவ்வாய்க்கிழமை இதழின் முகப்பு முழுவதும் பழைய, விளையாட்டல்லாத கட்டுரைகளாக நிறைந்திருந்தது. அன்றே பொறுப்பு ஆசிரியர் பாரி பெட்செஸ்கி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். புதன்கிழமை ராஜினாமாக்கள் வரிசைகட்டின. வாரம் முடிவதற்குள் எழுத்துப் பிரிவில் இருந்த ஏறக்குறைய இருபது பேரும் வெளியேறிவிட்டார்கள். சுற்றறிக்கை விட்ட நிர்வாக அதிகாரி பால் மெய்ட்மென்ட்டும் நவம்பர் 5 அன்று பதவி விலகினார்.

ஒரு சுற்றறிக்கைக்காக ஒரு குழுவே ஏன் வேலையை உதறியது என்பதைப் புரிந்துகொள்ள, விளையாட்டுச் செய்தித் துறையின் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

அமெரிக்க விளையாட்டு ஊடகத்தில் மிகப் பெரிய பெயர் இஎஸ்பிஎன். என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் திங்கட்கிழமை ஆட்டங்களை ஒளிபரப்ப அந்நிறுவனம் 2011-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஒப்புக்கொண்ட தொகை ஆண்டுக்குச் சராசரியாக 190 கோடி டாலர். இப்படி ஒரு தொகையை யாரிடம் கொடுக்கிறார்களோ, அவர்களைப் பற்றியே புலனாய்வுச் செய்தியும் எழுத வேண்டும். வாடிக்கையாளர், கூட்டாளி, காவல்காரன் ஆகிய மூன்று வேடங்களையும் ஒரே நிறுவனம் போட வேண்டிய நிலை.

2013-இல் அந்த வேடங்கள் ஒன்றோடொன்று மோதின. ஆட்டக்காரர்களின் தலையில் படும் அடிகளால் மூளை எப்படிச் சிதைகிறது, அது லீக்குக்கு எப்போது தெரியும் என்பதைப் பற்றிப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸின் ‘பிரண்ட்லைன்’ நிகழ்ச்சியும் இஎஸ்பிஎன் நிருபர்களும் ஓராண்டுக்கு மேல் சேர்ந்து வேலை செய்தார்கள். படம் வெளிவரச் சில வாரங்கள் இருக்கும்போது, ஆகஸ்டில், தன் பெயரையும் சின்னத்தையும் எடுத்துவிடும்படி இஎஸ்பிஎன் கேட்டுக்கொண்டது. லீக்கின் அழுத்தமே காரணம் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. லீக்கும் இஎஸ்பிஎன்னும் மறுத்தன. படத்தின் இறுதி வடிவத்தில் தங்களுக்குக் கட்டுப்பாடு இல்லாததால் விலகினோம் என்பது இஎஸ்பிஎன்னின் விளக்கம். எது உண்மையானாலும், படத்தில் சின்னம் இல்லை.

துறையின் பொதுக்கருத்து என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. யாரும் உட்கார்ந்து தீர்மானம் போடுவதில்லை. எதை எழுதினால் யாருக்கு முகம் சுளிக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும்.

அந்தப் பொதுக்கருத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல்லில் ஒரு முழக்கம் உண்டு. தமிழில் சொன்னால், விளையாட்டோடு நிறுத்திக்கொள். 2016 ஆகஸ்டில் என்எஃப்எல் ஆட்டக்காரர் காலின் கேப்பர்நிக், கறுப்பினத்தவர் மீதான ஒடுக்குமுறையை எதிர்த்து, தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க மறுத்து, பிறகு மண்டியிடத் தொடங்கியபோது இந்த முழக்கம் வலுத்தது. 2017 செப்டம்பரில் இஎஸ்பிஎன் தொகுப்பாளர் ஜெமில் ஹில், டிரம்பை வெள்ளை மேலாதிக்கவாதி என்று ட்விட்டரில் எழுத, இது வேலையிலிருந்து நீக்கத்தக்க குற்றம் என்று வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளரே மேடையிலிருந்து சொன்னார். அடுத்த மாதம் வேறொரு பதிவுக்காக இரண்டு வாரம் இடைநீக்கம். அதற்கடுத்த ஆண்டு ஹில் நிறுவனத்தைவிட்டே விலகினார். 2018-இல் தலைவராக வந்த ஜிம்மி பிட்டாரோ, நம் ரசிகர்களுக்கு அரசியல் வேண்டாம் என்று நம்மிடம் உள்ள தரவுகள் சொல்கின்றன என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

2019 அக்டோபரில் இந்த விதியின் உண்மையான முகம் கொஞ்சம் தெரிந்தது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணியின் பொது மேலாளர் டேரில் மோரி, ஹாங்காங் போராட்டக்காரர்களை ஆதரித்து ஒரு வரி ட்வீட் போட்டார். சீன அரசுத் தொலைக்காட்சி ஆட்டங்களை ஒளிபரப்ப மறுத்தது, என்பிஏ என்ற கூடைப்பந்து லீக் பதறியது. ஒரு மேலாளரின் ட்வீட்டால் ஒரு லீக்கின் சீனச் சந்தையே ஆடிப்போயிருக்கிறது என்றால், அந்த ஆண்டின் மிகப் பெரிய விளையாட்டுச் செய்தி அதுதான். ஆனால் சீனா, ஹாங்காங் அரசியலைப் பற்றிய பேச்சைத் தவிர்க்கும்படி இஎஸ்பிஎன்னுக்குள் ஒரு குறிப்பு சுற்றியது. அந்தக் குறிப்பைக் கையில் பெற்று வெளியிட்ட இதழ் டெட்ஸ்பின். மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதே மாதிரி ஒரு குறிப்பு டெட்ஸ்பின்னின் மேசைக்கே வந்து சேர்ந்தது.

டெட்ஸ்பின் 2005-இல் வில் லீட்ச் என்பவர் ஆசிரியராக இருந்து தொடங்கிய இதழ். காக்கர் மீடியா குழுமத்தைச் சேர்ந்தது. நக்கலும் குத்தலும் அதன் மொழி. சில நேரம் அந்தக் குத்தல் எல்லை மீறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதன் பெயர் நிலைத்தது நக்கலால் மட்டும் இல்லை. 2013 ஜனவரியில் அது செய்த ஒரு வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

நாட்டர் டேம் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் மான்டை டேயோ அந்தப் பருவத்தின் நாயகன். 2012 செப்டம்பரில் அவருடைய பாட்டியும் காதலியும் அடுத்தடுத்து இறந்துபோக, துக்கத்தை விழுங்கிக்கொண்டு களமிறங்கினார் என்பது நாடே அறிந்த கதை. காதலி ஸ்டான்ஃபோர்டு மாணவி, கார் விபத்தில் சிக்கியவர், பிறகு ரத்தப் புற்றுநோய். பெரிய நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் எல்லாம் இதை எழுதின. டெட்ஸ்பின்னுக்கு ஒரு துப்பு வந்தது. டிமோதி பர்க், ஜாக் டிக்கி என்ற இருவர் உட்கார்ந்து தேடினார்கள். அந்தப் பெயரில் மரணம் பதிவானதாகச் சமூகப் பாதுகாப்புத் துறை ஆவணத்தில் இல்லை. அப்படி ஒரு மாணவி படித்ததாக ஸ்டான்ஃபோர்டில் தகவல் இல்லை. இரங்கல் குறிப்பு இல்லை, இறுதிச் சடங்குச் செய்தி இல்லை. அவர் இறந்த தேதியே இதழுக்கு இதழ் மாறியிருந்தது. புகைப்படத்தில் இருந்த பெண் உயிரோடு, கலிபோர்னியாவில், வேறு பெயரில் இருந்தார். தன் படம் இப்படிப் பயன்படுவது அவருக்கே தெரியாது.

காதலி இறக்கவில்லை, ஏனென்றால் பிறக்கவே இல்லை. இணையத்தில் வேறொருவர் உருவாக்கிய பாத்திரம் அது. டேயோ ஏமாற்றப்பட்டவர். இதில் டெட்ஸ்பின்னும் ஒரு பிழை செய்தது: டேயோவும் உடந்தையாக இருக்கலாம் என்ற ஐயத்தை, பெயர் சொல்லாத ஒருவரின் ஊகத்தை வைத்து அந்தக் கட்டுரை விதைத்தது. அந்த இளைஞர் அதற்குக் கொடுத்த விலை பெரியது. ஆனாலும், அத்தனை பெரிய ஆசிரியர் குழுக்களையும் தாண்டி இந்தக் கதை அச்சேறியது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அழகான கதையை யாரும் சந்தேகிப்பதில்லை. விற்பனையாகும் கதையைச் சந்தேகிப்பவன் அலுவலகத்தில் வேண்டாதவன் ஆகிவிடுவான்.

அதே பர்க் 2018-இல் இன்னொன்று செய்தார். சின்க்ளேர் என்ற நிறுவனத்துக்கு அமெரிக்கா முழுவதும் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் உண்டு. அவற்றின் செய்தி வாசிப்பாளர்கள் எல்லோரும் ஒரே உரையை, ஒரே சொற்களில், தங்கள் சொந்தக் கருத்துபோல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பொய்ச் செய்திகள் ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று எச்சரிக்கும் உரை அது. டஜன் கணக்கான முகங்களை ஒரே திரையில் அடுக்கி, குரல்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரு சிறிய வீடியோவாக டெட்ஸ்பின்னில் வெளியிட்டார் பர்க். விளையாட்டு இதழுக்கு இது எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு அதே சின்க்ளேர், டிஸ்னியிடமிருந்து 21 வட்டார விளையாட்டுச் சேனல்களை வாங்கியது.

நடுவில் உரிமையாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மல்யுத்த நட்சத்திரம் ஹல்க் ஹோகன் தொடுத்த அந்தரங்க உரிமை வழக்கில் காக்கருக்கு எதிராக 14 கோடி டாலர் தீர்ப்பு. வழக்குக்குப் பின்னால் இருந்து பணம் கொடுத்தவர் முதலீட்டாளர் பீட்டர் தீல். 2016-இல் காக்கர் திவாலானது. யூனிவிஷன் வாங்கியது, 2019 ஏப்ரலில் கிரேட் ஹில் பார்ட்னர்ஸ் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் வாங்கி ஜி/ஓ மீடியா என்று பெயர் சூட்டியது. முதன்மை ஆசிரியர் மேகன் கிரீன்வெல் அந்த ஆகஸ்டிலேயே விலகிவிட்டார். விளையாட்டல்லாத கட்டுரைகளுக்குத்தான் அதிக வாசகர்கள் வருகிறார்கள் என்று ஆசிரியர் குழு எண்களைக் காட்டி வாதாடியது. சமையல் பாத்திரக் கடை ஒன்றின் கிறிஸ்துமஸ் விலைப்பட்டியலைக் கேலி செய்து ட்ரூ மாகரி ஆண்டுதோறும் எழுதும் கட்டுரைக்கென்றே ஒரு கூட்டம் காத்திருந்தது.

சுற்றறிக்கை வந்த அதே நாட்களில் இன்னொரு தகராறும் ஓடியது. வாசகர் கேட்காமலேயே சத்தத்தோடு ஓடும் வீடியோ விளம்பரங்கள் இதழில் முளைத்திருந்தன. ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடு ஏறக்குறைய 10 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம், அதற்கு ஈடாக 4.35 கோடி தடவை விளம்பரம் காட்ட வேண்டும், அந்த எண்ணிக்கையை எட்ட முடியவில்லை என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. எங்களுக்கும் இது பிடிக்கவில்லை, நிர்வாகத்திடம் புகார் சொல்லுங்கள் என்று ஊழியர்கள் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார்கள். நிர்வாகம் அதை நீக்கியது. ஆகவே இந்தச் சண்டையை இடதுசாரி எழுத்தாளர்களுக்கும் அரசியலை வெறுத்த முதலாளிக்கும் நடந்ததாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். இதழின் பக்கத்தில் எது ஓட வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது என்பதே மீதிப் பாதி.

வெளியேறியவர்களில் பெரும்பாலோர் சேர்ந்து 2020 செப்டம்பரில் டிஃபெக்டர் என்ற இதழைத் தொடங்கினார்கள். பெயருக்கு, அணியைவிட்டு ஓடியவன் என்று பொருள். எழுதுபவர்களே உரிமையாளர்கள். தொடங்கியபோது மாதம் 8 டாலர் சந்தா. முதல் ஆண்டில் ஏறக்குறைய 40,000 சந்தாதாரர்கள், 32 லட்சம் டாலர் வருமானம். அதில் மிகப் பெரும் பகுதி சந்தாவிலிருந்து வந்தது. வரவு செலவை ஆண்டறிக்கையாக வாசகர்கள் முன்பே வைக்கிறார்கள். முதன்மை ஆசிரியர் டாம் லேயைப் பதவி நீக்க வேண்டுமென்றால் ஊழியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களிக்க வேண்டும். வெளியிலிருந்து எந்த முதலாளியும் அதைச் செய்ய முடியாது. பெட்செஸ்கி ஒரு செவ்வாய்க்கிழமையில் வேலை இழந்ததை நேரில் பார்த்தவர்கள் எழுதிய விதி அது.

இந்தக் கதையை இங்கேயே முடித்துவிட்டால் ஒரு தரப்பின் வீரகதை ஆகிவிடும். அதே முழக்கத்திலிருந்து நேரெதிர்த் திசையில் கிளம்பிய இன்னொரு இதழும் உண்டு.

நாஷ்வில்லைச் சேர்ந்த வழக்கறிஞர் கிளே டிராவிஸ் 2011-இல் அவுட்கிக் என்ற இதழைத் தொடங்கினார். கல்லூரிக் கால்பந்தில் ஆரம்பித்தவர், போகப்போக ஒரே புகாரைப் பிடித்துக்கொண்டார்: விளையாட்டு ஊடகம் முழுவதும் இடது பக்கம் சாய்ந்துவிட்டது. இடதுசாரிச் செய்திச் சேனலான எம்எஸ்என்பிசியின் பெயரையும் இஎஸ்பிஎன்னின் பெயரையும் ஒட்டி ஒரு கேலிப் பெயரே வைத்தார். 2011-இல் சுமார் 10 கோடி வீடுகளில் இருந்த இஎஸ்பிஎன், 2017-இல் 8.8 கோடிக்கு இறங்கியதற்கு அரசியலே காரணம் என்று வாதிட்டார். இந்த வாதம் எனக்கு ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. அந்த ஆண்டுகளில் மக்கள் கேபிள் இணைப்பையே துண்டித்துக்கொண்டிருந்தார்கள்; அரசியல் வாடையே இல்லாத சேனல்களும் அதே வேகத்தில் வீடுகளை இழந்தன. ஆனால் டிராவிஸ் சொன்னதன் அடியில் ஓர் உண்மையும் இருந்தது. விளையாட்டு எழுத்தாளர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கல்லூரிகளில் படித்து, ஒரே மாதிரி நகரங்களில் வாழ்ந்து, ஒருவரையொருவர் படித்து எழுதுகிறவர்கள். அவர்களுக்கு ஒரு கேள்வி சங்கடமாக இருந்தால் அது கேட்கப்படாமலே போகும்.

2022 மார்ச்சில் திருநங்கை நீச்சல் வீராங்கனை லியா தாமஸ் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் மகளிர் 500 யார்டு பிரிவில் வென்றபோது, பல பெரிய இதழ்கள் சொற்களை எண்ணி எண்ணித்தான் வைத்தன. அவுட்கிக் அதையே முதன்மைப் பொருளாக்கியது. 200 யார்டு பிரிவில் தாமஸுடன் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட ரைலி கெயின்ஸ் பிறகு அதே இதழில் நிகழ்ச்சி நடத்துபவரானார். அதே 2022 ஜூனில், ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்த திருநங்கைகள் மகளிர் பிரிவில் கலந்துகொள்வதைச் சர்வதேச நீச்சல் சம்மேளனம் கட்டுப்படுத்தியது. சரியோ தவறோ, அது விளையாட்டு அமைப்புகளே முடிவெடுக்க வேண்டியிருந்த கேள்வி. ஆகவே அது விளையாட்டுச் செய்திதான்.

2024 ஏப்ரலில் மகளிர் கல்லூரிக் கூடைப்பந்து இறுதியாட்டத்துக்கு முந்தைய நாள், தென் கரோலினாவின் பயிற்சியாளர் டான் ஸ்டேலியிடம் அவுட்கிக் நிருபர் ஒருவர் இதையே கேட்டார். தன்னைப் பெண்ணாகக் கருதுகிறவர் விளையாட விரும்பினால் விளையாடலாம் என்பதே தன் கருத்து என்றார் ஸ்டேலி. இப்படிச் சொல்வதால் நாளை என் மீது படையெடுப்பார்கள் என்பதும் தெரியும் என்று சேர்த்துக்கொண்டார். இறுதியாட்டத்துக்கு முன் இப்படிக் கேட்பது பொறி வைப்பது என்று பலர் முணுமுணுத்தார்கள். பொறியாகவே இருக்கட்டும். தெளிவாகக் கேட்கப்பட்டது, தெளிவாகப் பதில் வந்தது. செய்தியாளர் கூட்டத்தில் வழக்கமாக நடப்பதைவிட அது மேல்.

அவுட்கிக்கின் பலவீனம் வேறு இடத்தில். ஹாங்காங் குறிப்பைப் போல, டேயோவின் காதலியைப் போல, ஆவணத்தைத் தோண்டி எடுத்த வேலை அங்கே அரிது. பெரும்பகுதி கருத்தும் கோபமும்தான். துறையை எதிர்த்துத் தனியாக நின்றவர் என்ற பட்டமும் 2021 மே மாதம் மாறியது. அப்போது ஃபாக்ஸ் நிறுவனம் இதழை விலைக்கு வாங்கியது. என்எஃப்எல் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை வைத்திருக்கும் அதே ஃபாக்ஸ்.

எழுபது எண்பது ஆண்டுகள் பின்னால் போனால் இந்தச் சண்டையின் முன்னோரைக் காணலாம். பேஸ்பாலின் பைபிள் என்று அழைக்கப்பட்ட ஸ்போர்ட்டிங் நியூஸ் வார இதழ், 1942 ஆகஸ்டில் ஒரு தலையங்கம் எழுதியது. கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய லீக்கில் சேர்க்கத் தடையாக எந்தச் சட்டமும் இல்லை, இரு தரப்பும் தனித்தனியாக ஆடுவதே இருவருக்கும் நல்லது, கிளர்ச்சிக்காரர்கள்தான் இனப் பிரச்சினையைக் கிளப்புகிறார்கள் என்பது அதன் சாரம். அன்றைய விளையாட்டு மேசைகளின் பொதுக்கருத்து ஏறக்குறைய அதுதான். எதிர்த்து எழுதியவர்கள் இரண்டு ஓரங்களில் இருந்தார்கள். ஒருவர், கம்யூனிஸ்ட் கட்சி நாளிதழான டெய்லி வொர்க்கரில் 1936 முதல் விளையாட்டுப் பக்கத்தைக் கவனித்த லெஸ்டர் ராட்னி. இன்னொருவர், கறுப்பின வார இதழான பிட்ஸ்பர்க் கூரியரின் வெண்டல் ஸ்மித்.

1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் உட்பட மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களைப் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் தேர்வுக்கு அழைத்துப் போனார் ஸ்மித். ஆடிக் காட்டினார்கள், அணியிடமிருந்து பதிலே வரவில்லை. திரும்பும் வழியில் புரூக்ளின் பேஸ்பால் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியைச் சந்தித்து ராபின்சனின் பெயரைச் சொன்னார். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் புரூக்ளின் அணிக்குக் களமிறங்க, பெரிய லீக்கின் இனத் தடை உடைந்தது. வரலாற்றை மாற்றிய செய்தியாளர் ஸ்மித் அன்று பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. நாளிதழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே இடம் என்பது சங்கத்தின் விதி, கறுப்பின இதழ்களோ பெரும்பாலும் வார இதழ்கள். 1948-இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். பதில் சொல்லாத ரெட் சாக்ஸ், முதல் கறுப்பின ஆட்டக்காரரைக் களமிறக்க 1959 வரை எடுத்துக்கொண்டது. ராட்னியும் ஸ்மித்தும் விளையாட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தோன்றும். ஸ்மித் எழுதியதே விளையாட்டுதான்: நல்ல ஆட்டக்காரன் ஏன் அணியில் இல்லை என்று கேட்டார்.

டெட்ஸ்பின் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. 2024 மார்ச்சில் ஜி/ஓ மீடியா அதை மால்டா நாட்டின் ஒரு நிறுவனத்துக்கு விற்றது. எஞ்சியிருந்த ஊழியர்களில் ஒருவரையும் புதிய உரிமையாளர் எடுத்துக்கொள்ளவில்லை. நியூயார்க் டைம்ஸ் தன் விளையாட்டுப் பிரிவையே 2023-இல் கலைத்துவிட்டு, 55 கோடி டாலருக்கு வாங்கிய தி அத்லெடிக் இதழிடம் அந்த வேலையை ஒப்படைத்தது.

இஎஸ்பிஎன்னின் 10 சதவீதப் பங்கை என்எஃப்எல் எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பதிலுக்கு லீக்கின் சொந்தச் சேனல் இஎஸ்பிஎன் கைக்குப் போகும் என்பது அதன் ஏற்பாடு. செய்திப் பிரிவின் சுதந்திரத்தில் இதனால் மாற்றம் இராது என்பது இஎஸ்பிஎன் தரப்பின் உறுதிமொழி. 2013-இல் பிரண்ட்லைன் படத்திலிருந்து தன் சின்னத்தை எடுத்துக்கொண்டபோது, லீக்கின் கையில் இஎஸ்பிஎன்னின் ஒரு பங்குகூட இருக்கவில்லை.